மெதுவானது முந்தும் அறை

பத்து நிமிச ஓய்வு.
தறப்பாள் கொட்டிலுக்குள் முகமறைப்பைக் கழற்றி
கன்னத்து வியர்வையைத் தோளில் துடைத்தபடி
ஜெனிற்றா போனை எடுக்கிறாள்.
"வாடி, நேற்று விட்ட இடத்திலயிருந்து."

அவளிடம் மின்கீரி. வேகம் நூற்றிரண்டு.
என்னிடம் சேற்றாமை. முப்பத்தொன்று.
மாங்குளம் சந்தியில் ரீலோட் போடுகிற பெடியன்கூடச் சிரித்தான்,
ஆரக்கா இதையெல்லாம் வளர்க்கிறது என்று.

இருவரும் ஒரே நேரத்தில்தான் தெரிவு செய்கிறோம்,
ஒருத்தி திரையை மற்றவள் பாராமல்.
தெரிவுக்கு வேகம் கிடையாது.
யோசிக்கலாம், பிளேன்ரீ ஆறும்வரை ஊதலாம்,
பாலைமரங்களுக்கு அப்பால் போகிற ரயிலின்
பெட்டிகளை எண்ணலாம்.
இரண்டு விரலும் அழுத்திய பிறகுதான்
எண்கள் பேசத் தொடங்கும்.

கூடிய எண் முந்தும்.
ஒரு புள்ளி கூடினாலும் முந்துதல் முந்துதல்தான்.
நூறு கூடினாலும்
அதைவிட அதிகமாய் முந்த ஏலாது.
பிந்தியது அந்த அடியிலேயே விழுந்துவிட்டால்
அது தெரிந்து வைத்திருந்த அடி
எங்கே போகிறதென்று திரை சொல்வதில்லை.
அடுத்தது யார் என்று மட்டும் கேட்கும்.

விலக்குகள் உண்டு.
'சுண்டல்' என்றொரு அடி,
பெரிதாய் நோகாது, எந்த வேகத்துக்கும் முன்னே போய்விடும்.
ஆளை மாற்றுவதும் அப்படித்தான்,
அடி விழமுதல் விலகிக்கொள்ளலாம்.
"இதை எழுதினவன் நல்லவன்" என்பாள் ஜெனிற்றா,
"ஓடுறவனை ஓட விடுறான்."
மரமரப்புப் பிடித்தால் வேகம் பாதி,
நாற்பது நிமிசம் முழந்தாளில் இருந்துவிட்டு
நாங்கள் எழும்புவதைப்போல.

என் ஆமைக்கு ஒரே ஒரு வித்தை தெரியும்.
தலைகீழ் அறை.
ஐந்து முறைக்கு மட்டும்
எண்களெல்லாம் குப்புறக் கவிழும்.
குறைந்தது முந்தும்.
மின்கீரி பாயத் தயாராய்
முதுகை வளைத்தபடி நிற்கும்,
என் ஆமை ஆறுதலாய்ப் போய்
கடித்துவிட்டு வரும்.

"எங்கயடி பிடிச்சனி இதை?"

நான் வெளியே காட்டினேன்.
சிவப்புத் தடி, வெள்ளைத் தடி,
நடுவே ஒரு மீற்றர் அகலத்தில் என் பாதை.
இன்று விடிய ஆறரையிலிருந்து
அதில் நான் போன தூரம்
ஒரு ஆள் நீட்டிப் படுக்கக் காணாது.
எங்களோடு ஒருத்தி இருந்தாள், விறுவிறென்று வேலை செய்வாள்,
இரண்டாம் கிழமையே அனுப்பிவிட்டார்கள்.
இப்போது கிளிநொச்சியில் உடுப்புத் தைக்கிறாள்.
அங்கே அவளுக்கு மாதாமாதம் பரிசாம்.

மண்ணுக்குள் கிடப்பதற்கு வேகம் பூச்சியம்.
எத்தனையோ மாரி கழிந்தும் அசையவில்லை.
ஆனால் தன் அடியை அது
எப்போதோ தெரிந்து, அழுத்தியும் விட்டது.
அதற்கு முறை வராமலே
ஆட்டத்தை முடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அறை முடிந்தது. ஆமையும் முடிந்தது.
கடைசியாய்க் கல்லுடும்பை இறக்கினேன், வேகம் ஐம்பத்தொன்று.
அவளுடைய கீரிக்கு மரமரப்பு,
நூற்றிரண்டில் பாதி.
கணக்குப் போட்டுப் பார்த்து
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.
சமமென்றால் காசு சுண்டுவது விளையாட்டுத்தான்,
எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு இடத்தில்.
இரண்டுக்கும் உயிர் ஒரு கோடு.
முந்துவது மிஞ்சும்.

சிவரூபனின் விசில்.

போன்களைக் கவிழ்த்து பிஸ்கற் தகரத்துக்குள் வைத்தோம்.
"நான் அழுத்திட்டன்" என்றேன், "நீ?"
அவள் முகமறைப்பின் பட்டியை இறுக்கினாள்.
"பின்னேரம் பாப்பம்."

என்னுடையதில் பற்றரி பதினான்கு வீதம்.
அடுத்த ஓய்வுக்கு இன்னும் ஐம்பது நிமிசம்.
முழந்தாளிட்டேன்.
புல்லை ஒரு பிடி வெட்டினேன்.
பிறகு அடுத்த பிடி.