நியூட்ரல்

வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டும், அதுவும் விட்டு விட்டு.
பூம்பாறைக்கு மேலே, பைன் மரங்கள் முடிகிற வளைவில்
இரண்டு கோடு.
அதனால் என் ஆஸ்பத்திரி இப்போது
என் மினி லாரியின் ஓட்டுநர் இருக்கை.
மச்சினன் ஓட்டிவந்து நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போவான், சாவியை எடுத்துக்கொண்டு.
அது இந்திராணியின் உத்தரவு.

பதினொரு மணி. மேகம் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும்.
மதுரையிலிருந்து ஜெசிந்தா மேடம் வருகிறார்,
உள்ளங்கை அளவு சன்னலில்,
பின்னால் மின்விசிறி சுற்ற.
நான் குல்லாயும் ஸ்வெட்டருமாய்.
“வேலப்பண்ணே, இடப்பக்கக் கண்ணாடியப் பாருங்க.”

இருபத்தாறு வருடம் பார்த்த கண்ணாடி.
இப்போது யாராவது சொன்னால்தான்
இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது.
தட்டில் பாதிச் சோறு அப்படியே ஆறிக் கிடக்கும்.
இந்திராணி பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பாள்.

வலக்கை இடக்கையைத் தூக்கி
கியர் குமிழ்மேல் வைக்கிறது,
தூங்கும் பிள்ளையை மாற்றிப் படுக்கவைப்பதுபோல.
பிடிக்கச் சொன்னால் பிடிக்கும். விடாது.
விடுவதுதான் பாடம் என்கிறார் மேடம்.
வடுகப்பட்டி சந்தைக்கு எத்தனை ஆயிரம் மூட்டை
ஏற்றி இறக்கியிருக்கும் இந்தக் கை!
இன்று தானே ஒரு பச்சைப் பூண்டாய் இறுகிக் கிடக்கிறது,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நகம் நுழையாமல்.

ஒரு பூண்டுப் பல்லை உள்ளே வைக்கச் சொல்லி
“இப்ப மெதுவா விடு…” என்றவர்
அப்படியே நின்றுபோனார்.
வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கண் பாதி மூடி,
கை அந்தரத்தில்.

எனக்குத் தெரிந்த முகம்தான்.
அன்று விடிகாலை, பல் விளக்கும்போது
கண்ணாடியில் நின்ற முகம்.
பயப்படாதீங்க மேடம், என்றேன்.
யாராச்சும் வருவாங்க.

இந்திராணி இன்னொரு போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு
சாலையோரம் சிக்னல் தேடி நடந்தாள்.

அப்போதுதான் சுண்டுவிரல்,
கூடவே பக்கத்து விரல்,
யாரும் கேட்காமல்
ஒரு நெல்லளவு விலகின.
பல் நழுவி விழுந்தது, காலடியில் எங்கோ.

“…ணே? கேக்குதா? விடுங்க பாப்போம்.”
விட்டேன் மேடம்.
“எங்க, காட்டுங்க.”

கை மறுபடி மூடிக்கொண்டது.
கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

இந்திராணி நம்பவில்லை. ஆனாலும் குனிந்து
பிரேக்குக்கு அடியில் துழாவுகிறாள்.
“இங்க ஒண்ணும் இல்லையே.”

இடப்பக்கம் பாரு, என்கிறேன்.