நாற்பத்தோராவது இல்லை

வூப்பர்டாலில் மழை நின்றபாடில்லை.
ஆற்றுக்கு மேலே வௌவாலாய்த் தொங்கிப் போகும் ரயிலில்
வந்திறங்கிய திருவாளர் டொம்ப்ரோவ்ஸ்கி
குடையை மடக்காமலே
ஒரு தாளை நீட்டினார்.

நூற்பெயர் இருந்தது.
ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை.
அவருடைய அப்பா வேலை பார்த்த சாயப்பட்டறை
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வருகிறதாம்.
"அது சொன்னது" என்றார்.
அது என்றால் எது என்று
இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை.

பதின்மூன்று இலக்க எண்ணும் இருந்தது.
ஒன்றால், மூன்றால், மாற்றி மாற்றிப் பெருக்கிக்
கூட்டினேன்: எண்பத்தேழு.
பத்தால் வகுபட்டிருக்க வேண்டும்.
கணினி திறக்குமுன்னே விரல்கள் சொல்லிவிட்டன,
இப்படியொரு நூல் அச்சேறவே இல்லை.

முன்பு என் வேலை
இருப்பதை எடுத்துத் தருவது.
இப்போது
இல்லாததை இல்லையென்று சொல்வது.
சம்பளம் அதேதான், நேரம்தான் கூட.
இருக்கிறதென்று காட்ட ஒரு பிரதி போதும்.
இல்லையென்று காட்ட
லைப்சிக், மியூனிக், பெர்லின் என்று
ஒவ்வொரு கதவாய்த் தட்டித் திரும்ப வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இது ஏட்டிலும் காய்க்காத சுரைக்காய்.
ஆனாலும் பாருங்கள்,
இருபத்து நான்கு யூரோ தொண்ணூறு சதம்!

மேசை லாச்சியில் ஒரு கோடு போட்ட கொப்பி.
இல்லாத நூல்களை அதில் எழுதி வைக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை, நானாகத் தொடங்கினேன்.
மாசி மாதம் ஒரு மாணவி தேடி வந்த தேனீ மருத்துவம்.
பாதிரியார் கேட்ட பிரசங்கத் தொகுதி
(அதிலிருந்து ஞாயிறே மேற்கோள் காட்டிவிட்டாராம்,
முகம் சிவந்து போனது).
சிலவற்றின் பெயர்கள் அழகு.
இருந்திருந்தால்
நானே முதலில் இரவல் எடுத்திருப்பேன்.

டொம்ப்ரோவ்ஸ்கி நம்பவில்லை.
பிறகு நம்பினார். பிறகு கேட்டார்:
"இருந்திருந்தால் எங்கே இருந்திருக்கும்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போனேன்.
ரேடியேட்டரை ஒட்டி, இரவுப்பணி முடித்த எர்ஜான்
வாய் திறந்து உறங்கினான்.
பிரிண்டர் முன்னே
வாடகைப் படிவத்தோடு இருவர்,
மையில்லை என்ற செய்தியைத்
திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு.

தறி, துணி, சாயம்.
இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே
உள்ளங்கையை நுழைத்து விலக்கினேன்.
"இங்கே."
குனிந்து பார்த்தார்.
இடைவெளியில்
மறுபக்கத்து ஜன்னல் தெரிந்தது.
"இவ்வளவு தடிமனா?"
"நானூறு பக்கமென்றால், ஆமாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஞாயிறு தேய்த்துக் குளித்த பிறகும்
அப்பாவின் காதுமடலில் நீலம் போகாது என்றார்.
தேவாலயத்தில் பின்வரிசையில் இருந்து
அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.
"இதை அது சொல்லவில்லை" என்றேன்.
"நான் கேட்கவும் இல்லை" என்றார்.

என் ஊரில் வேறு மாதிரி.
நூல்கள் இருந்தன.
நான் பிறக்குமுன்னே ஓர் இரவில்
அட்டவணையோடு சேர்ந்து எரிந்தன.
அங்கே இருந்ததற்குச் சீட்டில்லை.
இங்கே இல்லாததற்கு
விலையோடு, பக்க எண்ணோடு சீட்டிருக்கிறது.
இரண்டுக்கும் தமிழில் ஒரே இல்லைதான்.
போதவில்லை.

கையை எடுத்தேன்.
நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன.

அவர் போன பிறகு கொப்பியைத் திறந்தேன்.
நாற்பத்தொன்று.
பெயர், ஆசிரியர், ஆண்டு: எல்லாம் பொய்.
குறிப்பு என்ற கட்டத்தில்
எப்போதும் ஒரு கோடு இழுப்பேன்.
இன்று எழுதினேன்:
காதுமடல், நீலம், ஞாயிறு.

மூடும் மணி அடித்தது.
எர்ஜானை எழுப்பப் படியேறி
பாதியில் நின்றேன்.
ஆறாம் மணிக்குத்தானே பூட்டுகிறோம்.
இன்னும் பத்து நிமிடம் கிடக்கட்டும்.