கெண்டைக்கால்

யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள்.
விழுந்த இடத்திலிருந்தே
ஷெனாஸைத் திட்டினேன்.
அவளோ எல்லைக்கோட்டுக்கு வெளியே
பெஞ்சில் உட்கார்ந்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.
என் பின்னால் சுவர்.
சுவரில் ஒரு பல்லி.

மருத்துவமனையில் குப்புறப் படுக்கவைத்து
கெண்டைக்காலைப் பிழிந்தார்கள்.
வலது பாதம் சட்டென்று தலையாட்டியது.
இடது பாதம்
தனக்கல்ல கேள்வி என்பதுபோல் கிடந்தது.

நாண் அறுந்துடுச்சு என்றேன் அக்காவிடம், போனில்.
வில்லையா வளைச்சே நீ, என்றாள்.
சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.
நான் வெட்டும் தேதியைச் சொன்னேன்.

கோலிவாடாவில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
ஐம்பத்து நான்கு படிகளையும்
உட்கார்ந்தபடியே, முதுகுப் பக்கமாக ஏறினேன்,
இறங்கும் திசையைப் பார்த்துக்கொண்டு.
இரண்டாம் மாடி பாட்கரின் செருப்பு
கண்ணுக்கு நேரே வந்தது.
வலது ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.
பதினோரு வருடத்தில்
அவரைப் பற்றி நான் அறிந்த முதல் செய்தி.

இரவு தோறும் வயிற்றில் ஊசி,
ரத்தம் உறையாமலிருக்க.
அறவாழி கண்ணை மூடிக்கொள்வார்.
நானே குத்திக்கொண்டு
முடிஞ்சுது, திறங்க, என்பேன்.

பூட்ஸுக்குள் குதிகாலடியில் மூன்று ஆப்பு.
ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.
வெளியே ஜூலை.
பூட்ஸுக்குப் பால் கவர் கட்டி நொண்டினேன்.
கடைசி ஆப்பை எடுத்த அன்று
குதிகால் இறங்கிக்கொண்டே இருந்தது.
சமதரை இவ்வளவு ஆழத்தில் இருக்குமென்று
யாரும் சொல்லவில்லை.

பூட்ஸைக் கழற்றினால் கெண்டையைக் காணோம்.
டேப் வைத்து அளந்தாள் கேத்தகி:
வலது முப்பத்தாறு, இடது முப்பத்தொன்று.
தொளதொளவென்று தோல் மட்டும் இருந்தது,
மீன் நழுவிய வலை போல.

அவள் மராத்தியில் எண்ணுவாள், நான் தமிழில்.
எப்போதும் ஒன்று பின்தங்கியிருப்பேன்.
வலித்தால் நிறுத்துங்கள்,
பயந்தால் நிறுத்தாதீர்கள் என்பாள்.
எது எது என்று மட்டும் சொல்லமாட்டாள்.

இரண்டு காலில் எக்குவது சுலபம்.
வலது கால் கள்ளக்கணக்கு எழுதிவிடும்.
பத்தொன்பது வருடம் வங்கியில் தணிக்கை பார்த்தவள் நான்.
என் காலிலேயே மோசடி.

ஒற்றைக் காலில் எக்குங்கள், என்றாள் டிசம்பரில்.
என் பழைய சீசன் டிக்கெட்டை
குதிகாலடியில் செருகப் பார்த்தாள்.
நுழையவில்லை.
ஜனவரியிலும் நுழையவில்லை.
ரயில்வே பாலத்தில் பின்னாலிருந்தவர்கள்
சலோ சலோ என்று தோளை இடித்தார்கள்.
ஏறுவது பரவாயில்லை.
இறங்கும்போதுதான்
ஒவ்வொரு படியும் அந்த உதையை ஒளித்துவைத்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
லேடீஸ் பெட்டி, ஒன்பது பன்னிரண்டு.
நான் குள்ளம்.
கைப்பிடிகளை யாரோ உயரமானவர் மாட்டியிருக்கிறார்.
வடாலாவில் கூட்டம் அலையாக ஏறியது.
ஒரு பெண் தன் பையை
என் வலது பாதத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.
காலை உருவிக்கொண்டேன்.
வண்டி குலுங்கியது.
எட்டிப் பிடித்தேன்.

சிவ்ரி தாண்டிய பிறகுதான் உறைத்தது:
வலது கால் இன்னும் காற்றில்.
மொத்த உடம்பும் இடது முன்பாதத்தில்.
குதிகாலடியில் டிக்கெட் என்ன,
ஒரு செக் புத்தகமே நுழையும்.

இறங்கி, பிளாட்ஃபார்ம் தூணைப் பிடித்துக்கொண்டு
வேண்டுமென்றே இன்னொரு முறை எக்கினேன்.
எழும்பவில்லை.
இன்னொரு முறை. இல்லை.
கெண்டை அப்படித்தான்,
குனிந்து பார்த்தால் ஓடிவிடும்.

ஆபீசுக்குத் தாமதம்.
இருந்தும் நின்று, ஷெனாஸுக்கு எழுதினேன்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்,
பெஞ்சில் உட்கார மட்டும்.
அன்றைக்கு உதைத்தது நீ இல்லை.