நாலாம் வேற்றுமை

நீதிமன்றத்துக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம்
ஒரு மேசை, இரண்டு கதிரை, என் முத்திரை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகையில் இருக்கும்.
வெயிலுக்கு ‘சத்திய’ மட்டும் வெளிறிவிட்டது.

புதன்கிழமை கஜவதனி வந்தாள். அச்சுவேலி. வயது முப்பத்தொன்று.
பத்தொன்பது நாள் சேர்ந்திருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பியவனின்
வக்கீல் அனுப்பிய படிவம் கையில்.
காரணம் என்ற கட்டத்துக்கு மூன்று அங்குலம் விட்டிருந்தார்கள்.

அடிச்சவரோ? இல்லை.
குடி? ஒரு பியர், அதுவும் பாதி.
வேற ஆரும்? அவருக்கோ, ஐயோ.
பிறகென்ன பிள்ளை?
“எனக்கு அவரைப் பிடிக்கேல்லை, அக்கா.”
தண்ணிப் போத்தலின் மூடியைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஐ டோன்ட் லைக் ஹிம் என்று அடித்தேன்.
அடித்த கையோடு பார்த்தால்
அந்த ‘ஐ’ வரியின் முன்னால் நெட்டையாய் நிற்கிறது,
கையில் தடியோடு வந்த ஆள்போல.
இவள் அப்படிச் சொல்லவில்லையே.
இவள் நின்றது ‘கு’ உருபுக்குள்.
எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது,
எனக்குத் தலை இடிக்குது என்கிற வரிசையில்.
ஏன் பசித்தது என்று எந்த நீதவானும் கேட்டதில்லை.

வெறுப்பு என்று போடட்டோ?
“வெறுப்பெல்லாம் இல்லை” என்றாள் உடனே.
அதுவும் சரிதான். பழந்தமிழில் வெறுக்கை என்றால் செல்வம்,
வெறுப்பு என்றால் செறிவு.
பத்தொன்பது நாளில் அவ்வளவு சேராது.

சுண்டிக்குளியில் வீடு விற்றுப் போனவர்கள் விட்டுச்சென்ற அகராதி
என்னிடம் இருக்கிறது.
முன்பாதி செல்லரித்து ‘எல்’ எழுத்தில்தான் தொடங்கும்.
ஹேட், டிஸ்லைக் இரண்டும் கறையான் வயிற்றில்.
தப்பிக் கிடந்தது மிஸ்லைக்,
பக்கத்தில் ‘வழக்கொழிந்தது’ என்ற சின்ன எழுத்தோடு.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால்
அந்தச் சொல்லில் மனிதர் எழுவாய் இல்லையாம்.
பொருள்தான் வினை செய்யும்,
மனிதர் ஓரமாய் ‘கு’வில் நிற்பார்.
அது எனக்கு ஒவ்வாமல் இருக்கிறது, அவ்வளவே.
பிறகு எப்போதோ அவர்கள் அந்தக் ‘கு’வைத் தொலைத்துவிட்டார்கள்.
நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்,
வைத்திருப்பது தெரியாமலே.

லைக் என்பதன் வேரில் ‘உடல்’ என்று போட்டிருந்தது.
உரு, மேனி.
கடைசியில் பிணம் என்றும் ஒரு பொருள்.
அதை அவளுக்கு வாசிக்கவில்லை.
உடல் ஒத்துவாறதாம் பிள்ளை, அதுதான் விருப்பம் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
“செருப்புக் கடையில தெரியுமல்லோ அக்கா.
அளவு சரி. கடிக்கவும் இல்லை.
ஆனா போட்டோடன அது என்ர கால் இல்லை.”

இற் மிஸ்லைக்ஸ் மீ.
கணினி அதன் கீழே சிவப்பாய் நெளிந்தது.
முத்திரை குத்தி அனுப்பினேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது:
தட்டெழுத்துப் பிழை, திருத்தவும்.
இணக்கமின்மை என்று இங்கிலீசில் அவர்களுக்குப் பழகிய சொல்லைப் போட்டு
மறுபடி முத்திரை. கட்டணம் வாங்கவில்லை.

பருத்தித்துறை பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழும்பியவள்
வாசலால் திரும்பி வந்தாள்.
“அந்தப் பிழையான கடதாசியை எறியாதேங்கோ.
எனக்குத் தாங்கோ.”