வளையல் கேட்கிறது

ஒன்பது மணிக்கு மேல்
என் வாயில் இருக்கும் 'நான்' என்னுடையதல்ல.

வெருலம் நீதிமன்றத்தில்
ஸூலுவை ஆங்கிலமாக்கும் வேலை.
செசேலா கரும்பாலை லைன் வீடுகளில்
பந்து பொறுக்கப் போய்க் கற்ற மொழி
இப்போது சோறு போடுகிறது.
"நான்தான் அந்த ஆட்டை அவிழ்த்தேன்" என்பேன்.
"நான் அவளை அடிக்கவில்லை, கதவு அடித்தது" என்பேன்.
முகம் மாறாமல் சொல்ல வேண்டும்,
சம்பளத்தில் பாதி அதற்குத்தான்.

அதனால் ஏழரை மணிக்கே
கண்ணாடி முன் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
என் பேச்சைப் பேசி முடித்துவிடுகிறேன்.

தூக்கம் கெட்ட நாளுக்கு
விக்டோரியா தெருச் சந்தையின் பித்தளைத் தோடு.
காதை இழுக்கும் கனம்.
யாரும் என்னிடம் நீளமாகப் பேசாதீர்கள் என்று அர்த்தம்.
மழை விட்ட காலைக்குப் பச்சைக் கண்ணாடி வளையல்,
ஒரு டஜனில் மிச்சம் ஏழு.
கார்க் கடன் தவணை கட்டிய அன்று மட்டும்
சிவப்புக்கல் மூக்குத்தி.
கல் போலி, பெருமை அசல்.

தேவநாயகம் வீட்டைவிட்டுப் போன திங்கட்கிழமை
இருப்பதிலேயே பெரிய ஜிமிக்கியை மாட்டிக்கொண்டேன்.
கல்யாண வீடா, என்றார் வாசல் காவலாளி.
ஆமாம், என்றேன்.
பதினோரு வருட மொழிபெயர்ப்பில்
தெரிந்தே செய்த ஒரே பிழை.

பிப்ரவரியில் ஒருநாள்
நடுவர் ஃபூரீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
"ஒலிப்பதிவில் அம்மையாரின் வளையல் கேட்கிறது" என்றார்.
மரியாதையாகத்தான் சொன்னார்.
சாட்சி ஒருவன் பதில் தெரியாமல் நின்ற இடைவெளியில்
நான் கிலுங்கியிருக்கிறேன்.

கழற்றினேன். கைப்பைக்குள்ளும்
அவை கொஞ்ச நேரம் முணுமுணுத்தன.

அந்தச் சனிக்கிழமை டர்பன் கடற்கரையில்
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பாசிமணிப் பட்டை,
நூலில் இறுக்கிக் கோத்தது, சத்தமே வராது.
இந்த நிறங்களுக்கு என்ன பொருள், என்று விற்றவளைக் கேட்டேன்.
"எண்பது ராண்ட்" என்றாள்.
அதைக் கட்டிக்கொண்டு நாலு மாதம்
திருடினேன், பொய் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்,
ஜாமீனுக்குக் கெஞ்சினேன்.
ஒரு கிலுக்கம் இல்லை.

ஜூனில், தேநீர் வரிசையில்,
தலைமுடியில் ஹெட்போன் தழும்போடு ஒருத்தி.
"நீதானே அந்த வளையல்?"

ஹ்லெங்கிவே. மூன்றாவது மாடி.
பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்பவள்.
"முகம் இன்றுதான் பார்க்கிறேன்.
பச்சையா சிவப்பா, அது தெரியாது.
கண்ணாடியா உலோகமா, தெரியும்.
கோபம் வந்தால் கையை மேசைமேல் போடுவாய்,
ஒரே சத்தம்.
யாராவது அழுதால் ஒரு கையால் மறு கையைப் பிடிப்பாய்,
சத்தம் பாதியில் நிற்கும்.
அங்கெல்லாம் அடைப்புக்குறி போட்டு
'சத்தம்' என்று அடிப்பேன்.
உன்னை எழுத வேறு சொல் எனக்குத் தரவில்லை."
சர்க்கரையைக் கலக்கியபடியே கேட்டாள்:
"உடம்பு சரியில்லையா, இத்தனை நாளாய்?"

எனக்குப் பதில் வரவில்லை.
எந்த மொழியிலும்.

இன்று காலை டின்னைக் கவிழ்த்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பட்டையை அவிழ்த்து வைத்தேன்.
பச்சை வளையலில் இரண்டே இரண்டு.
இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று.
ஒற்றை வளையல் பேசாது,
நடுவருக்கு ஒரு குறையும் இல்லை.

நாள் முழுக்க யார் யாரோ 'நான்'.

நாலு மணிக்கு அவர் கோப்பை மூடி எழுந்தார்.
எல்லோரும் எழுந்தோம்.
இயந்திரத்தின் சிவப்புப் பொட்டு
அணைவதற்குச் சற்று முன்
இரண்டு கைகளையும் சேர்த்தேன்,
ஒருமுறை.