ஈரம் பதினான்கு

நாள்காட்டி சொல்கிறது: இன்று அறுவடை.
கோதுமை சொல்கிறது: இன்னும் நான்கு நாள்.
நேற்று மாலை ஒரு கதிரைக் கசக்கி
உமியை ஊதிவிட்டுக்
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
நறுக்கென்று உடையவில்லை.
பல்லுக்கு அடியில் கொஞ்சம் யோசித்தது.
மேவா சிங்கின் கருவியும் அதையேதான் சொன்னது:
ஈரம் பதினான்கு.
பன்னிரண்டுக்கு இறங்காத மூட்டையை
மண்டியில் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

வைசாகி காத்திருக்காது.
விடிந்ததும் குருத்வாராவின் கொடிமரத்தைச் சாய்த்தார்கள்.
அறுபதடி.
கயிறு பிடிக்க நாற்பது பேர்,
"இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்த எண்பது பேர்.
ஓராண்டு வெயில் குடித்துக்
காவி வெளுத்த பழைய துணியை உரித்தால்
உள்ளே வெறும் இரும்புக் குழாய்,
ஒரு வெல்டிங் தழும்பு,
மடிப்புக்குள் செத்துக் காய்ந்த ஒரு குளவி.
பாலும் தயிரும் ஊற்றிக் கழுவினோம்.
என் பங்குக்கு நடுவில் இரண்டு முழம்.
தேய்க்கத் தேய்க்க
முழங்கைவரை மோர் வாடை.

புதுத் துணி உடுத்து மரம் நிமிர்ந்தபோது
எல்லோரும் அண்ணாந்து கும்பிட்டார்கள்.
நான் மேற்கே பார்த்தேன்.
கழுவாத தட்டு மாதிரி
ஒரு சாம்பல் மேகம்.
வாஹேகுரு,
அதை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்.

திலோக் சந்தும் வந்திருந்தார்.
இருட்டிலேயே பியாஸில் முழுகி
நெற்றியில் ஈரம் காயாத திலகம்,
கக்கத்தில் புதுக் கணக்குப் புத்தகம்.
சிவப்பு அட்டை. முதல் பக்கத்தில் மஞ்சளால் ஒரு ஸ்ரீ.
இரண்டாம் பக்கத்தில், எனக்குத் தெரியும், நான்.
விதைக்கு, யூரியாவுக்கு,
மோட்டார் எரிந்துபோன அந்த நவம்பருக்கு
மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.
கொடிமரம் போல எனக்கும்
இன்று உடை மாற்றியிருப்பார்.
உள்ளே அதே குழாய்.

லங்கரில் என் கையில் ரொட்டிக் கூடை.
வெளியே டோல் அதிர்கிறது,
ஜிலேபிக் கடையில் பையன்கள் சண்டை.
உள்ளே பந்தி நீளம்.
பீகாரிலிருந்து அறுக்க வந்து
அறுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள்,
கால் மடக்கத் தெரியாத கனடா மருமகள்,
அவளுக்கு அடுத்து திலோக் சந்த்,
தலையில் ஆரஞ்சுக் கைக்குட்டை,
காதிலிருந்து எடுக்க மறந்த பேனா.

ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை இங்கே.
இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான்.
ஏந்தினார்.

அவர் மேசைக்கு முன்னால் நின்ற உயரம்
ஆறு வருடமாய் எனக்கு மனப்பாடம்.
இந்த உயரம் புதிது.
பொய் சொல்வானேன்,
ஒரு நொடி ரொட்டியை விடாமல் வைத்திருந்தேன்.
கொடுக்கல் வாங்கல்
ஒரு நொடி தலைகீழாய் நின்றது.
பிறகு இரண்டாய்ப் போட்டேன்.

"எப்போது அறுப்பு, சிந்தர்?"
"ஈரம் பதினான்கு."
"மேகத்தைப் பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"நானும்," என்றார்,
ரொட்டியைப் பிய்க்காமல்.
அப்போதுதான் உறைத்தது,
என் வயலில் நனையக் காத்து நிற்பது
அவர் பணமும்தான்.

கை கழுவ வெளியே வந்தபோது
இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தோம்.
கும்பிட அல்ல.
புதுக் கொடியின் நுனி
காற்று எந்தப் பக்கம் என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.