உத்தேச மதிப்பீடு

நவம்பர் பிறந்தால்
குற்றங்களை எண்ணத் தொடங்குவேன்,
இன்னும் நடக்காதவற்றை.

வால்செர்ரா நகராட்சி, இரண்டாம் மாடி.
ரேடியேட்டர் முனகும் அறை என்னுடையது.
பட்ஜெட்டில் ஒரு வரி உண்டு:
போக்குவரத்து அபராதம், எதிர்பார்க்கும் வரவு.
போன ஆண்டு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்
மலையிறங்கும் வளைவில் ஐம்பதைத் தாண்டினார்கள்.
பனிச்சறுக்குக்குப் பறக்கும் மிலான்காரர்கள்,
மீன் வண்டிக்காரர்,
இடுப்பு வலி கண்ட ஒருத்தி, அவளுக்கு மட்டும் தள்ளுபடி,
பாதிரியார் இரண்டு முறை.

பாதியைச் சாலைக்கே போடு என்கிறது விதி.
மீதி எங்கள் சாமர்த்தியம்.
பணத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன்:
ஓர் ஆடி காரின் அவசரம்
பள்ளி வாசலில் வெள்ளைக் கோடாகக் காய்ந்துகொண்டிருந்தது.
பல் வைத்தியரின் எழுபத்தெட்டு யூரோ
ஃபியோரென்ஸோவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் வேனில்
டீசலாகப் புகைந்தது.
எனக்கும் ஒருமுறை பச்சை உறை வந்தது.
நாற்பத்திரண்டு யூரோ தண்டம் அழுதேன்,
ரசீதில் நானே முத்திரை குத்தினேன்.
அது எங்கே போயிற்றென்று மட்டும்
இன்றுவரை தெரியவில்லை.

இந்த ஆண்டு கணக்கு இடிக்கிறது.
ஜனங்கள் மெதுவாகப் போகிறார்கள்.
வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சிவக்கின்றன.
கண் கொட்டாமல் விழித்தபடி
கேமரா பட்டினி கிடக்கிறது.
இன்று காலை வரை எண்ணூற்று ஆறு.
வேனுக்கு நாலு டயரும் மாற்றியாக வேண்டும்.

கூட்டத்தில் துணை மேயர் ஸம்போனி
தொண்டையைச் செருமினார்.
ஐம்பதை நாற்பதாக்கலாம் என்றார்.
இல்லாவிட்டால் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி,
கொஞ்சம்தான்,
செஸ்ட்நட் மரத்துக்கு அந்தப் பக்கம்.
யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.
என் கையில் டயர் கடைக்காரனின் விலைப்பட்டியல் இருந்தது.

கடைசி பெஞ்சில் ஸாய்ரா.
அவள் மகன் வெஸ்பாவோடு போன பிறகுதான்
அந்தக் கம்பமே நட்டோம்.
எழுந்தாள். அழப்போகிறாள் என்று
ஆளாளுக்கு மேசையைப் பார்த்தோம்.

"எண்ணூற்று ஆறு என்றீர்களே,
இந்த வருஷம் அங்கே செத்தது எத்தனை பேர்?"

யாருமில்லை என்றேன்.

"அதை வரவில் எழுதுவீர்களா, நஷ்டத்திலா?"

எழுத இடம் தேடினேன், நிஜமாகவே.
இருபத்தேழு பத்திகள்,
ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு எண்.
நடக்காமல் போனதற்கு எண் இல்லை.
அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
ஸம்போனி ஜன்னலைத் திறந்தார், மறுபடி மூடினார்.
கூட்டம் வியாழனுக்குத் தள்ளிப்போயிற்று.
வியாழன் ஃபியோரென்ஸோவின் டயாலிசிஸ் நாள்.

வீடு திரும்பும்போது வளைவில்
முப்பத்தெட்டில் உருட்டினேன்.
யாருடைய பையிலோ கை விட்டதுபோல் கூசியது.
பின்னாலிருந்து ஒரு வெள்ளி நிறக் கார்
சீறிக்கொண்டு முந்தியது.
பளிச்சென்று ஒளி வெட்டியது.

அந்தப் பையன் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று
அப்புறம்தான் தோன்றியது.
அதற்கு முன்பே வாய் எண்ணிவிட்டது:
எண்ணூற்று ஏழு.